பட்டறைப் பதில்கள்: செத்த பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள்

போன இதழில் மருந்து தெளிக்கும் மிஷினைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "அது இருக்கட்டும், மரம் அறுக்கிற மிஷினுக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றுதான் கேட்டிருந்தன. சரி, இந்த முறை முழுக்க அதுவே, கையில் பிடித்து மரம் அறுக்கும் செயின் மிஷின். நான் பட்டுக்கோட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறவன். 2018 வரைக்கும் ஸ்பிரேயரும் ஆயில் எஞ்சினும்தான் என் பிழைப்பு. அந்த வருடம் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து எங்கள் பக்கத்துத் தென்னையெல்லாம் சாய்த்துப் போட்டதும், ஒரு வாரத்துக்குள் பட்டறை வாசலில் மரம் அறுக்கிற மிஷின்கள் வரிசை கட்டி நின்றன. பாதிக்கு மேல் ஓடாதவை. அவற்றைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் தொழில். அதனால் என் பதில்களில் தென்னை வாடை கொஞ்சம் அடிக்கும். தேக்கும் சில்வர் ஓக்கும் அறுக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என்னுடையது 31 சிசி மிஷின். பிஸ்டன் பிடித்துவிட்டது என்று பிஸ்டன், சிலிண்டர் செட் புதிதாக வாங்கிப் போட்டேன். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கதை. செட் டூப்ளிகேட் என்கிறார் மெக்கானிக். ஒரிஜினல் எங்கே கிடைக்கும்? (ஒரு வாசகர், பேராவூரணி)

பதில்: ஒரிஜினல் வாங்கிப் போட்டாலும் மூன்று வாரம்தான் ஓடும் என்று நினைக்கிறேன். முதல் பிஸ்டன் ஏன் செத்தது என்று யாருமே பார்க்கவில்லை. அதைக் கொன்றது எதுவோ, அது இன்னும் மிஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

செத்த பிஸ்டன் இரண்டும் இருந்தால் கையில் எடுங்கள். எந்தப் பக்கம் கீறியிருக்கிறது என்று பாருங்கள். சைலன்ஸர் இருக்கிற பக்கம் மட்டும் நெடுக்காகக் கீறி, அலுமினியம் தேய்ந்து இழுத்த மாதிரி இருந்தால், அது சூட்டில் செத்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கலாக, எமரித் தாளால் தேய்த்தது போல் இருந்தால் தூசு தின்றிருக்கிறது. ஏர் பில்டர் கிழிந்திருக்கும், இல்லை சரியாக உட்காராமல் இருந்திருக்கும். சுற்றிவர எல்லாப் பக்கமும் கீறல் என்றால் ஆயில் கலக்காத பெட்ரோல்.

கடைசியாகச் சொன்னதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். புயல் முடிந்த சமயம், ஊரில் கரண்ட் இல்லை. தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டருக்கு வைத்த வெறும் பெட்ரோலும் மிஷினுக்குக் கலந்து வைத்ததும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். என் மைத்துனர் மகன் அவசரத்தில் மாற்றி ஊற்றிவிட்டான். இரண்டு மரம் அறுப்பதற்குள் மிஷின் 'கிரீச்' என்று நின்றது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. பையனைத் திட்டினேன், ஆனால் கேன் இரண்டையும் ஒரே மாதிரி வைத்தது நான்தான். அன்றிலிருந்து கலந்த கேனின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்காது" என்று. எனக்கு அந்த ஒரு வரி போதும். வெளிக்காற்று எங்கேயோ உள்ளே நுழைகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம், கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல் கடினமாகிப் போயிருக்கலாம். செட் மாற்றிய அன்றே சீலையும் மாற்றியிருக்க வேண்டும். சிலிண்டரின் வழிகளை அடைத்து, கைப்பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவினாலே ஓட்டை எங்கே என்று குமிழி காட்டிக்கொடுக்கும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான்.

அதோடு பெட்ரோல் டேங்குக்குள் கிடக்கும் சின்ன பில்டரையும் வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். மிஷின் கொஞ்ச நேரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் டேங்க்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரில் எச் என்று எழுதிய, முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சத்தம் நன்றாக வரட்டும் என்று யாராவது உள்ளே முறுக்கிவிட்டார்களா என்றும் விசாரியுங்கள். அந்தக் கணீர் சத்தத்துக்கு மயங்கிப் பிஸ்டனைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் பார்த்த பிறகு செட் வாங்குங்கள். போடும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்ஸர் பக்கம் இருக்க வேண்டும். மாறினால் ரிங்கின் முனை சிலிண்டர் சுவரில் உள்ள துவாரத்தில் மாட்டி உடையும்.

கேள்வி: ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில்? ஒருவர் 20 என்கிறார், ஒருவர் 40 என்கிறார். (ஒரு வாசகர், மல்லிப்பட்டினம்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். எந்த ஆயில் என்பதைத்தான் இருவரும் சொல்லவில்லை. ஸ்டில் மிஷினுக்கு அந்தக் கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. வேறு கம்பெனி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. ஹஸ்க்வர்னாவில் சொந்த ஆயிலுக்கு 20, மற்றதற்கு 30. மற்ற மிஷின்களுக்கு அதனதன் புத்தகத்தில் உள்ளபடி. பாட்டில் மூடியால் அளக்காதீர்கள். மருந்துக் கடையில் 20 மில்லி ஊசிக்குழாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடற்கரைக்காரர் என்பதால் ஒன்று. படகின் அவுட்போர்டு எஞ்சினுக்கு வாங்கின ஆயில் வீட்டில் இருக்கிறதே என்று இதில் ஊற்றாதீர்கள். அது தண்ணீரால் குளிர்கிற எஞ்சினுக்குச் செய்தது. இது காற்றால் மட்டும் குளிர்கிற எஞ்சின், சூடு வேறு மாதிரி. பைக்கின் எஞ்சின் ஆயிலும் வேண்டாம்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த மிஷின்களின் புத்தகங்களில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் விறைக்க வைக்கும். வேறு பெட்ரோலுக்கு எங்கே போவது? அதனால் தேவைக்கு மட்டும் கலக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்து மிஷினை எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். போன சாகுபடியில் ஓடிய மிஷின் இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டயாப்ரம் கிட் மாற்றினாலே போதுமாக இருக்கிறது.

கேள்வி: "16 இஞ்ச் செயின்" என்று கேட்டு வாங்கினேன். பாரில் ஏறவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். (ஒரு வாசகர், ஆலங்குடி)

பதில்: கடைக்காரரைக் கோபித்துப் பயன் இல்லை. துணிக்கடையில் "ஒரு சட்டை" என்று கேட்ட மாதிரி கேட்டிருக்கிறீர்கள். இஞ்ச் என்பது பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டின் நீளம். செயினுக்கு மூன்று கணக்கு இருக்கிறது.

முதலில் பிட்ச், அதாவது செயின் கண்ணிகளின் இடைவெளி. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை எடுத்து, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளந்து இரண்டால் வகுங்கள். பாதி அளவு 8.25 மில்லிமீட்டர் வந்தால் கடையில் 'பாயிண்ட் 325' என்பார்கள். ஒன்பதரையை ஒட்டி வந்தால் 'எட்டில் மூன்று'. இந்த எட்டில் மூன்றிலேயே சின்ன மிஷினுக்கு உயரம் குறைந்த செயின், பெரிய மிஷினுக்கு முழு செயின் என்று இரண்டு உண்டு. ஒன்றை மற்றதன் ஸ்பிராக்கெட்டில், அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரத்தில் மாட்டக் கூடாது. இரண்டாவது, பாரின் காடிக்குள் ஓடும் அடிப்பல்லின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வருகிறது. உங்களுக்கு ஏறாமல் நின்றது இதனாலும் இருக்கலாம், 1.1 காடியில் 1.3 நுழையாது. மூன்றாவது, அந்த அடிப்பற்களின் எண்ணிக்கை. ஒரே 16 இஞ்ச் பாருக்கு ஒரு கம்பெனியில் 55, இன்னொரு கம்பெனியில் 56. ஒரு பல் குறைந்தால் ஏறாது, கூடினால் தொங்கும்.

பாரின் வால் பக்கம், மிஷினுக்குள் மறைந்திருக்கும் இடத்தில் இந்த எண்களை அடித்தே வைத்திருப்பார்கள். துடைத்துப் பாருங்கள். அழிந்து போயிருந்தால் பழைய செயினைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். இரண்டு செயின் தேய்ந்தபின் ஸ்பிராக்கெட்டையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஸ்பிராக்கெட் புதுச் செயினையும் தன் வழிக்கு இழுத்துவிடும்.

கேள்வி: செயினுக்கு வேஸ்ட் ஆயில் ஊற்றலாமா? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: கூடாது. செயின் ஆயிலில் பசைத்தன்மை உண்டு, ஓடும் செயினை விட்டுத் தெறிக்காது. வேஸ்ட் ஆயில் பாரின் முனைக்குப் போவதற்குள் உங்கள் சட்டையில் இருக்கும். அதில் உள்ள இரும்புத் தூள் ஆயில் பம்பைத் தின்னும். சின்ன மிஷின்களில் பம்பைச் சுற்றுவது ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். அது வழுவழுவென்று தேய்ந்துபோய் வந்த மிஷின்கள் என்னிடம் ஏராளம். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் கிட்டத்தட்ட தீர வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் ஆயில் போகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: சாய்ந்த தென்னையை அறுத்தால் மிஷின் ஒரு பக்கமாக வளைந்து போகிறது. பார் கோணலா? (ஒரு வாசகர், ஒரத்தநாடு)

பதில்: பார் கோணலாக இருப்பது அபூர்வம். கீழே என்ன விழுகிறது என்று பாருங்கள். பாக்குச் சீவல் மாதிரி விழுந்தால் பல் கூராக இருக்கிறது. கேழ்வரகு மாவு மாதிரி விழுந்தால் மழுங்கிவிட்டது. வளைந்து போவது, ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியதால், அல்லது அரம் போட்டவருக்கு ஒரு கை வாட்டமாக இருந்ததால் வருகிறது. வலப்பக்கப் பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் இடப்பக்கத்துக்கும் மூன்று. முன்னே தள்ளும்போது மட்டும் அரம் வேலை செய்யட்டும், பின்னே எடுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லின் தலையில் ஒரு கோடு கீறியிருப்பார்கள், பெரும்பாலும் 30 டிகிரி. அரத்தை அதற்கு இணையாகப் பிடித்தால் போதும். உயரம் குறைந்த எட்டில் மூன்று செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், பாயிண்ட் 325-க்கு 4.8. ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் சின்னத் திமில் மாதிரி ஒன்று நிற்கிறதே, அது பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். பல்லைத் தேய்த்துக்கொண்டே போய் திமிலை மறந்துவிட்டால், எவ்வளவு கூராக இருந்தாலும் பல் மரத்தில் இறங்காது. அவசரப்பட்டுத் திமிலை ஒரேயடியாகத் தேய்த்துவிட்டாலோ மிஷின் உதறும், கையை இழுக்கும்.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் வளைகிறதா? பாரைக் கழற்றிக் கண்ணாடி மேல் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு தேய்ந்திருந்தால் சாயும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டு வந்தால் இந்தத் தொல்லை தள்ளிப்போகும்.

தென்னையைப் பொறுத்தவரை வேறொன்றும் சொல்ல வேண்டும். தென்னையின் வெளிப்பக்கம்தான் கடினம், உள்ளே மெத்து. அந்த வெளிப்பக்கமே பல்லைச் சீக்கிரம் மழுக்கும். அதில் சாய்ந்து கிடந்த மரமென்றால் மண்ணும் ஒட்டியிருக்கும். அறுக்கும் இடத்தை அரிவாளால் சுற்றிச் சீவிவிட்டு, அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து அறுங்கள். பார் முனை ஒரு நொடி மணலைத் தொட்டால் போதும், காலையில் போட்ட அரம் வீண்.

கேள்வி: மலைப் பக்கம் இருக்கிறேன். கம்பெனி டீலர் வெகு தூரம். ஆன்லைனில் வாங்கினால் பாதி சாமான் பொருந்துவதில்லை. எதை நம்பி வாங்குவது? (ஒரு வாசகர், கூடலூர்)

பதில்: மிஷினின் பெயரை நம்பி வாங்காதீர்கள், எண்ணை நம்பி வாங்குங்கள். ஸ்டில் சாமான்களுக்குப் பதினொரு இலக்க எண் உண்டு; நான்கு, மூன்று, நான்கு என்று பிரித்து எழுதியிருக்கும். முதல் நான்கு இலக்கம்தான் குடும்பப் பெயர். 1130 என்றால் எம்எஸ் 170, 180 குடும்பம். 1123 என்றால் 210, 230, 250. கழற்றிய பழைய சாமானின் முதுகில் இந்த எண் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்து, போட்டோ எடுத்து, டீலருக்கு அனுப்புங்கள். மிஷின் உடம்பில் அடித்துள்ள ஒன்பது இலக்க சீரியல் எண்ணையும் சேர்த்து அனுப்பினால், ஒரே மாடலில் பழசா புதுசா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கார்புரேட்டர் கிட்டுக்கு மட்டும் கணக்கு வேறு. அதற்கு மிஷின் பெயரைச் சொன்னால் தப்பாகத்தான் வரும். கார்புரேட்டரைச் செய்வது வேறு கம்பெனி. வால்புரோ என்றோ ஜாமா என்றோ அதன் மேலேயே இருக்கும், பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். கிட் அந்த எண்ணுக்குத்தான். இது தெரியாமல் நானே முதல் வருடம் நான்கு கிட் வாங்கி வீணடித்தேன். இன்னும் மேஜை டிராயரில் கிடக்கின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரிஜினல்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டார்ட்டர் கயிறு, பார் நட்டு, கைப்பிடி ரப்பர், மூடி, இவை எதுவானாலும் ஓடும். பிளக் நல்ல பிராண்டாக, புத்தகத்தில் சொன்ன எண்ணாக இருந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம். பிளக் முனையின் இடைவெளி பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டர். ஏர் பில்டர் மட்டும் விளிம்பு சரியாக உட்கார்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிஸ்டன், ஆயில் சீல், கிளட்ச், பிரேக் பேண்ட் நான்கிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உங்களைப் போல் தொலைவில் இருக்கிறவர்களுக்கு என் யோசனை, அதே மாடலில் எஞ்சின் செத்த மிஷின் ஒன்றை மலிவாக வாங்கி மூலையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில், வெளிக்கூடு, கைப்பிடி, டேங்க் எல்லாம் அதிலிருந்து வரும். காயிலை மாட்டும்போது காந்தச் சக்கரத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இறுக்கிவிட்டு உருவிவிடுங்கள். இடைவெளி சரியாக இருக்கும்.

கேள்வி: இந்தச் செயினைக் கண்டுபிடித்தவர் ஒரு புழுவைப் பார்த்துச் செய்தார் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா? (ஒரு வாசகி, புதுக்கோட்டை)

பதில்: உண்மைதான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்று ஒரு மரம்வெட்டி. 1946-இல் விறகு பிளக்கும்போது, கட்டைக்குள் ஒரு வண்டின் புழு குறுக்கும் நெடுக்குமாகக் குடைந்து போவதைப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவின. அதே போல் இடப்பல், வலப்பல் என்று மாற்றி வைத்துச் செயின் செய்தார். 1947-இல் கம்பெனி தொடங்கினார். இன்றைக்கும் நம் மிஷினில் ஓடுவது அந்த வழிதான். தென்னைக்காரர்கள் நாமும் காண்டாமிருக வண்டை எவ்வளவோ பார்க்கிறோம், கம்பியை விட்டுக் குத்தி எடுப்பதோடு சரி.

கேள்வி: என் வீட்டுக்காரர் மிஷினின் முன்னால் இருக்கும் கைக்காப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார். அது இருந்தால் செயின் சுற்றாமல் புகை வருகிறது என்கிறார். ஆபத்து இல்லையா? (ஒரு வாசகி, கறம்பக்குடி)

பதில்: ஆபத்துதான், அம்மா. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பாரின் முனையில் மேல்பாதி எதன் மேலாவது பட்டால் மிஷின் நொடியில் முகத்துக்கு நேரே எகிறும். அப்போது இடது மணிக்கட்டு அந்தக் காப்பில் இடித்துத்தான் பிரேக் விழும். காப்பு இல்லையென்றால் ஓடுகிற செயினுக்கும் முகத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

அவர் சொல்லும் புகையும் பொய் இல்லை. பிரேக் பேண்டுக்கும் டிரம்முக்கும் நடுவே ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து களியாக இறுகியிருக்கும். தென்னை நார் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரேக் முழுதும் விடாது, கிளட்ச் உரசிப் புகையும். பக்க மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் அந்தக் களியைச் சுரண்டி எடுத்தால் தீர்ந்தது. பேண்ட் தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். பிறகு காப்பை மாட்டி, மிஷினைத் தரையில் வைத்து ஓடவிட்டு, வேகம் கொடுத்தபடி காப்பை முன்னே தள்ளச் சொல்லுங்கள். செயின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு மிஷின் வேலைக்குப் போகக் கூடாது.

கேள்வி: கிளட்ச்சைக் கழற்ற மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். நீளமான பைப் மாட்டித் திருகியும் அசையவில்லை. (ஒரு வாசகர், அறந்தாங்கி)

பதில்: பிளக்கைக் கழற்றுங்கள். பிஸ்டன் மேலேறி, சைலன்ஸர் துவாரத்தைத் தாண்டிய பிறகு, முடிச்சுப் போட்ட ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிளக் ஓட்டை வழியே உள்ளே விடுங்கள். பிஸ்டன் அதில் முட்டி நிற்கும், எஞ்சின் சுற்றாது. இப்போது கிளட்ச்சைக் கடிகார முள் சுற்றுகிற திசையிலேயே திருப்புங்கள், கழலும். அதற்கு இடது மரை, சாதாரண நட்டுக்கு நேர்மாறாகத் திருப்ப வேண்டும். மூன்று நாளாக நீங்கள் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.